எந்தச் சட்டப்படி?

குட்டீஸ்... காலை பிரேயர் நேரம். மைதானத்தில் எல்லாரும் வரிசையாக நிற்கிறீர்கள். தேசிய கீதம் ஆரம்பமாகிறது. மொத்தம் 52 விநாடிகள் தான். உங்களுக்கு முன்னால் நிற்கும் பையன் நேராக, விறைப்பாக நிற்கிறான். தலை ஆடவில்லை; கை ஆடவில்லை; பக்கத்தில் நிற்பவனைக் கிள்ளவும் இல்லை. ஆனால், அவன் பாடவும் இல்லை!

பிரேயர் முடிந்ததும் என்ன செய்வீர்கள்? 'சார்... இவன் தேசிய கீதம் பாடவே இல்ல சார்...' என்று ஓடிப் போய்ச் சொல்வீர்கள் தானே? உண்மையைச் சொல்லுங்கள்! உங்கள் வயதில் நானும் அப்படித் தான் ஓடியிருப்பேன்.

சரி, இப்போது கேள்விக்கு வருவோம். வாயைத் திறக்காமல் நின்ற அந்தப் பையனை, பள்ளியை விட்டே அனுப்பி விடலாமா?

'அனுப்பணும்' என்று சிலர் சொல்வீர்கள். 'ஐயோ பாவம்' என்று சிலர் சொல்வீர்கள். இதே கேள்வி, நிஜமாகவே டில்லியில் இருக்கும் சுப்ரீம் கோர்ட் வரை போயிருக்கிறது. கொண்டு போனது யார் தெரியுமா? உங்களை மாதிரி பள்ளிக்கூடம் போய்க் கொண்டிருந்த மூன்று பிள்ளைகள்!

அண்ணனும் இரண்டு தங்கைகளும்

கேரளாவில் கோட்டயம் மாவட்டம். அங்குள்ள ஒரு பள்ளியில் மூன்று பேரும் படித்து வந்தனர். அண்ணன் 10ம் வகுப்பு. பெரிய தங்கை 9ம் வகுப்பு. சின்னத் தங்கை 5ம் வகுப்பு. 'யெகோவாவின் சாட்சிகள்' என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம் அது. இந்தப் பிரிவினர், எந்த நாட்டில் இருந்தாலும் அந்த நாட்டின் தேசிய கீதத்தைப் பாடுவதில்லை. கடவுளுக்குச் செய்யும் வணக்கத்தை வேறு எதற்கும் செய்யக் கூடாது என்பது அவர்களது நம்பிக்கை. பாட்டில் உள்ள சொற்கள் மீது அவர்களுக்கு எந்தக் குறையும் இல்லை. பாடுவது தான் கூடாது.

நமக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். அந்தப் பள்ளியில் யாருக்கும் விசித்திரமாகத் தோன்றவில்லை. இந்த மூவருக்கும் முன்பே, அவர்களது அக்காக்களும் அதே பள்ளியில் தான் படித்தனர். அவர்களும் தேசிய கீதத்தின் போது மரியாதையாக எழுந்து நின்றனர், பாடவில்லை. பல வருடங்களாக இப்படியே நடந்தது. எந்த ஆசிரியரும் திட்டவில்லை. 'தேசபக்தி இல்லாத பிள்ளைகள்' என்று யாரும் நினைக்கவும் இல்லை.

1985 ஜூலை மாதம் தான் வினை வந்தது. எம்.எல்.ஏ., ஒருவருக்கு இந்த விஷயம் தெரிந்து, சட்டசபையில் கேள்வி எழுப்பினார். விசாரிக்க ஒரு கமிஷன் போட்டனர். 'பிள்ளைகள் சட்டத்தை மதித்து நடப்பவர்கள். தேசிய கீதத்தை அவர்கள் அவமதிக்கவில்லை' என்று தான் கமிஷன் சொன்னது. அதோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும் இல்லையா? முடியவில்லை. கல்வித் துறை அதிகாரி உத்தரவு போட, 1985 ஜூலை 26ல் தலைமை ஆசிரியை மூவரையும் பள்ளியை விட்டு நீக்கி விட்டார்.

பிள்ளைகளின் அப்பா மனு எழுதினார். 'அரசு ஒரு முடிவு சொல்லும் வரைக்குமாவது வகுப்பில் உட்கார விடுங்கள்' என்று கேட்டார். 'என் கையில் ஒன்றும் இல்லையே' என்று சொல்லி விட்டார் தலைமை ஆசிரியை.

10ம் வகுப்பு என்றால் என்ன அர்த்தம் என்று, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பப்ளிக் பரீட்சை! மற்றவர்கள் எல்லாம் பாடம் படித்துக் கொண்டிருக்க, அந்த அண்ணன் வீட்டில் உட்கார்ந்திருந்தான். 5ம் வகுப்புத் தங்கையும் புத்தகப் பையை மூலையில் வைத்து விட்டு உட்கார்ந்திருந்தாள்.

7ம் கேள்விக்கு விடை!

மூவரும் கேரள ஐகோர்ட்டில் வழக்குப் போட்டனர். முதலில் ஒரு நீதிபதி தள்ளுபடி செய்தார். மேல்முறையீடு செய்தனர், இரண்டு நீதிபதிகள் அதையும் தள்ளுபடி செய்தனர்.

ஐகோர்ட் என்ன செய்தது என்றால், தேசிய கீதத்தை எடுத்து வைத்துக் கொண்டு, ஒவ்வொரு சொல்லாக ஆராய்ந்தது. எந்த மதத்தினரின் மனதையும் புண்படுத்தும் சொல் இதில் ஒன்று கூட இல்லையே, பிறகு ஏன் பாட மாட்டீர்கள் என்பது அதன் வாதம்.

கேட்டால் சரி என்று தான் தோன்றும். ஆனால், பரீட்சையில் 8ம் கேள்வியைக் கேட்டிருக்கும் போது, 7ம் கேள்விக்கு அருமையாக விடை எழுதினால் மார்க் கிடைக்குமா? பாட்டு நல்ல பாட்டா என்பது கேள்வியே இல்லை. பாடாத பிள்ளையைப் பள்ளியை விட்டு விரட்டும் அதிகாரம் யாருக்கு, எங்கிருந்து வந்தது என்பது தான் கேள்வி. 'ஐகோர்ட் வேறு பக்கம் போய் விட்டது' என்று சுப்ரீம் கோர்ட்டே பிறகு சொன்னது.

எங்கே அந்தச் சட்டம்?

சுப்ரீம் கோர்ட்டில் வழக்கை விசாரித்தவர்கள், நீதிபதிகள் ஓ.சின்னப்ப ரெட்டி, எம்.எம்.தத் இருவரும். தீர்ப்பை எழுதியவர் சின்னப்ப ரெட்டி. அவர் செய்தது ரொம்ப எளிமையான காரியம். 'பாடியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? காட்டுங்கள்' என்று தேட ஆரம்பித்தார்.

ஏன் சட்டத்தைத் தேட வேண்டும்? நம் அரசியல் சட்டத்தின் 19வது பிரிவு, குடிமக்களுக்குப் பேச்சுரிமை தருகிறது. பேசும் உரிமைக்குள்ளேயே, பேசாமல் இருக்கும் உரிமையும் அடங்கி விடுகிறது. இந்த உரிமைக்கு அரசு வரம்பு போடலாம். ஆனால், நினைத்தபடி எல்லாம் போட முடியாது. முறையாக இயற்றப்பட்ட சட்டம் இருக்க வேண்டும். அந்தச் சட்டமும் நாட்டின் பாதுகாப்பு, பொது அமைதி என்று 19வது பிரிவு பட்டியல் போட்டிருக்கும் காரணங்களில் ஒன்றுக்காக இருக்க வேண்டும்.

சரி, தேடுவோம். 1971ல் வந்த தேசிய கவுரவத்துக்கு அவமதிப்பு தடுப்புச் சட்டம் இருக்கிறது. தேசிய கீதம் பாடுவதை வேண்டுமென்றே தடுத்தாலோ, பாடிக் கொண்டிருப்பவர்களுக்குத் தொந்தரவு கொடுத்தாலோ, மூன்று ஆண்டுகள் வரை சிறை என்கிறது அது. இந்தப் பிள்ளைகள் யாரையும் தடுக்கவில்லை. யாருக்கும் தொந்தரவு தரவில்லை. ஆக, இந்தச் சட்டம் இவர்களைத் தொடவில்லை. (எழுந்து நிற்காமல் அரட்டை அடிப்பவர்களும், பின்வரிசையில் ராகம் போட்டுக் கிண்டல் செய்பவர்களும், 'நாங்களும் அந்த மூன்று பேர் மாதிரி தான்' என்று கிளம்பி விடாதீர்கள். அந்த மூவரும் அசையாமல் நின்றதால் தான் வழக்கே நின்றது!)

தேசிய கீதத்தை மதிப்பது குடிமக்களின் அடிப்படைக் கடமை என்று, அரசியல் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறதே? இருக்கிறது. எழுந்து நிற்பதே மதிப்பது தான் என்று விட்டார் நீதிபதி. நின்றவர்கள் பாடவில்லை என்பதற்காக, அவமதித்தனர் என்று சொல்ல முடியாது.

கடைசியில் மிஞ்சியது, கேரளக் கல்வித் துறை 1961லும் 1970லும் அனுப்பிய இரண்டு சுற்றறிக்கைகள். பள்ளிகளில் தினமும் காலையில் எல்லாரும் கூடி தேசிய கீதம் பாட வேண்டும் என்றன அவை. இங்கே தான், குட்டீஸ், நீங்கள் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும்.

சட்டம் என்பது, நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள் சபையில் கூடி, விவாதம் செய்து, ஓட்டெடுத்து நிறைவேற்றுவது. சுற்றறிக்கை என்பது, ஓர் அதிகாரி தன் அலுவலகத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டு அனுப்பும் தாள். பள்ளி நிர்வாகம் நடக்க அதுவும் தேவை தான். ஆனால், அரசியல் சட்டம் கொடுத்த உரிமையைப் பறிக்கும் பலம் அந்தத் தாளுக்கு இல்லை. பின்னால் எந்தச் சட்டமும் இல்லாத சுற்றறிக்கையைக் காட்டி, பிள்ளைகளின் பேச்சுரிமையில் கை வைக்க முடியாது என்றது கோர்ட்.

மனசாட்சிச் சுதந்திரம் தரும் 25வது பிரிவையும் கோர்ட் எடுத்துக் கொண்டது. அந்த நம்பிக்கை நீதிபதிக்குப் பிடித்திருக்கிறதா, அவருக்குப் புரிகிறதா என்பது முக்கியம் இல்லையாம். அந்தப் பிள்ளைகள் அதை உண்மையாக நம்புகிறார்களா என்பதை மட்டும் பார்த்தால் போதுமாம். எனக்கு இந்தத் தீர்ப்பில் மிகவும் பிடித்த இடம் இது தான். தனக்குப் பிடித்த நம்பிக்கையைக் காப்பாற்ற நீதிபதி எதற்கு!

1986 ஆகஸ்ட் 11ல் தீர்ப்பு வந்தது. மூவரையும் மறுபடி பள்ளியில் சேர்க்க வேண்டும். தடை இல்லாமல் படிக்க விட வேண்டும். தேவையான வசதிகளைச் செய்து தர வேண்டும் என்று உத்தரவு. பள்ளியை விட்டு நீக்கி, ஒரு வருடமும் இரண்டு வாரமும் ஓடி விட்டிருந்தது.

'நாங்கள் செய்தது தப்பு!'

இந்தத் தீர்ப்பை எழுதும் போது, வெளிநாட்டுக் கோர்ட்டுகள் என்ன செய்தன என்றும் பார்த்தார் சின்னப்ப ரெட்டி. அமெரிக்காவில் இதே மாதிரி ஒரு கதை, 50 வருடம் முன்பே நடந்திருந்தது.

பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு சிறிய ஊர். அங்கும் அதே மதப் பிரிவைச் சேர்ந்த அக்கா, தம்பி; 12 வயது, 10 வயது. பள்ளியில் கொடிக்கு சல்யூட் வைக்க மறுத்தனர் என்று, 1935ல் நீக்கி விட்டனர். வழக்கு அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. 1940ல் தீர்ப்பு. ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் பள்ளி செய்தது சரி என்று விட்டனர். ஒரே ஒருவர் மட்டும் குழந்தைகள் பக்கம்.

அதன் பிறகு நடந்தது தான் ஆச்சரியம். எட்டுப் பேரில் மூன்று நீதிபதிகள், 1942ல் வேறொரு வழக்கில், 'அன்று நாங்கள் சொன்னது தப்பு' என்று எழுத்தில் ஒப்புக் கொண்டனர். நீதிபதிகள் இப்படிச் சொல்வது அபூர்வம்! 1943 ஜூன் 14ல், மேற்கு வர்ஜீனியா மாநிலப் பிள்ளைகளின் வழக்கில், ஆறு பேர் ஒரு பக்கம், மூன்று பேர் மறுபக்கம் என்று தீர்ப்பு தலைகீழாக மாறியது. கொடி வணக்கத்துக்கு எந்த மாணவனையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது கோர்ட். அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்து கொண்டிருந்தது. தீர்ப்பு வந்த நாள், அமெரிக்கர்களின் கொடி நாள்!

நடுராத்திரியில் தட்டிய கதவு

'சட்டத்தைக் காட்டு' என்ற கேள்வியை சின்னப்ப ரெட்டி புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. நம் சுப்ரீம் கோர்ட்டின் பழைய தீர்ப்புகளில் இருந்து தான் எடுத்தார். அதில் ஒன்று, 1962ல் வந்தது.

உத்தரப் பிரதேசத்தில் ஒருவர் மீது, 1941ல் கொள்ளை வழக்கு போடப்பட்டது. சாட்சியம் இல்லை என்று விட்டு விட்டனர். ஆனால், போலீஸ் மட்டும் அவரை விடவில்லை. அவர் பெயரில் ஒரு கோப்பைத் திறந்து வைத்துக் கொண்டு, ராத்திரியில் போய் அவரது வீட்டுக் கதவைத் தட்டியது. தூங்குபவரை எழுப்பி, 'இருக்கிறாயா?' என்று பார்த்து விட்டுப் போவது தான் வேலை. யோசித்துப் பாருங்கள்... உங்கள் வீட்டில் எல்லாரும் தூங்கும் போது, ஒரு நாள் இல்லை, அடிக்கடி இப்படி நடந்தால்?

அவர் கோர்ட்டுக்குப் போனார். 'போலீஸ் துறையின் விதி இப்படித் தான் சொல்கிறது' என்றது அரசு. துறை தனக்குத் தானே எழுதிக் கொண்ட குறிப்பு சட்டம் ஆகாது என்று சொல்லி, ராத்திரி வருகைக்குத் தடை போட்டது கோர்ட். அதே தீர்ப்பில், அந்தரங்கம் என்பது தனி உரிமை இல்லை என்றும் பெரும்பாலான நீதிபதிகள் சொல்லி விட்டனர். நீதிபதி சுப்பாராவ் மட்டும், இன்னொரு நீதிபதியோடு சேர்ந்து, 'அது உரிமை தான்' என்று மாற்றி எழுதினார். 2017 ஆகஸ்ட் 24ல் ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து, 'அந்தரங்கம் அடிப்படை உரிமையே' என்று தீர்ப்பளித்தனர். சுப்பாராவ் பக்கம் கோர்ட் வந்து சேர 55 வருடம் ஆயிற்று!

அப்படி என்றால் வீட்டுப்பாடம்?

இப்போதே சிலர் திட்டம் போட ஆரம்பித்திருப்பீர்கள். 'டிவியை அணை' என்று அம்மா சொன்னதும், 'எந்தச் சட்டப்படி?' என்று கேட்கலாமா? கேட்டுப் பாருங்கள், விளைவுக்கு நான் பொறுப்பில்லை! இந்த உரிமைகள், முக்கியமாக அரசுக்கும், அரசின் சார்பில் அதிகாரம் செலுத்துபவர்களுக்கும் எதிராகத் தரப்பட்டவை. அம்மாவிடம் செல்லாது. பள்ளிக்கு நேரத்தோடு வா, சீருடை போட்டு வா என்று சொல்லவும் பள்ளிக்கு அதிகாரம் உண்டு.

'நான் சின்னப் பையன் தானே, எனக்கு என்ன உரிமை' என்று நினைப்பவர்களும் இருப்பீர்கள். ஓட்டுப் போடத் தான் 18 வயது வேண்டும். பேச்சுரிமைக்கும் மனசாட்சிக்கும் வயது வரம்பு இல்லை.

அந்த 5ம் வகுப்புத் தங்கை இன்று பள்ளியில் படித்தால், அவளை நீக்குவது இன்னும் கஷ்டம். 2010 ஏப்ரல் 1ல் அமலுக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 8ம் வகுப்பு முடியும் வரை எந்தக் குழந்தையையும் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது என்கிறது. அடிப்பதும், மனம் நோகும்படி அவமானப்படுத்துவதும் அதே சட்டத்தில் தடை. சில வகைப் பள்ளிகளுக்கு இந்தச் சட்டத்தில் இருந்து விலக்கு உண்டு. 10ம் வகுப்பு அண்ணனுக்கும் 9ம் வகுப்பு அக்காவுக்கும் இந்தச் சட்டம் உதவாது. அவர்கள் வாங்கிய தீர்ப்பு தான் இன்றும் துணை.

போலீஸ் விஷயத்திலும் அப்படியே. ஒருவரைக் கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். 18 வயது ஆகாதவர் என்றால், லாக்கப்பில் வைக்கவே கூடாது. இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் கொண்டு போக வேண்டும். குழந்தைகளுக்கு ஆபத்து என்றால், 1098க்குப் போன் செய்யலாம், காசு கிடையாது.

சினிமா தியேட்டரில் தேசிய கீதம் போட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். 2016 நவம்பரில், எல்லாத் தியேட்டர்களிலும் படத்துக்கு முன் போட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. 2018 ஜனவரி 9ல், கட்டாயம் இல்லை என்று அதே கோர்ட் மாற்றி விட்டது. ஆனால், தியேட்டரில் போட்டால் எழுந்து நிற்க வேண்டும்.

10 ரூபாய்க் கேள்வி

கோர்ட்டுக்குப் போகாமலே, 'எந்த உத்தரவுப்படி?' என்று அரசிடம் கேட்க ஒரு வழி இருக்கிறது. 2005ல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம். மத்திய அரசு அலுவலகம் என்றால் 10 ரூபாய் கட்டணம். 30 நாளில் பதில் தர வேண்டும். கேட்பவருக்கு இத்தனை வயது ஆகியிருக்க வேண்டும் என்று சட்டத்தில் எதுவும் இல்லை.

லக்னோவில் 10 வயதுச் சிறுமி ஒருத்தி, 2012ல் இந்தச் சட்டப்படி பிரதமர் அலுவலகத்துக்கு மனு அனுப்பினாள். காந்திஜியை 'தேசத் தந்தை' என்று பாடப்புத்தகத்தில் படித்திருந்தாள் அவள். அப்படி அறிவித்த அரசு உத்தரவின் நகல் வேண்டும் என்று கேட்டாள்.

பிரதமர் அலுவலகத்தில் உத்தரவு இல்லை. மனுவை உள்துறை அமைச்சகத்துக்கு அனுப்பினர். அங்கும் இல்லை. அங்கிருந்து தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போனது. பழைய அரசுக் காகிதங்களை எல்லாம் அடுக்கி வைத்திருக்கும் இடம் அது. அவர்களும் தேடிப் பார்த்து விட்டு, அப்படி ஓர் ஆவணம் இல்லை என்று அந்தச் சிறுமிக்குப் பதில் எழுதினர். யாரும் உத்தரவு போடாமலே தான், இத்தனை வருடமாக எல்லாரும் அவரை அப்படி அழைத்து வருகிறார்கள்!